மலைக்கு அடியில் ஒரு ரயில் நிலையம், மேலூர்ப் பக்கம் ஒரு கிணறு

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி உயரம். அதை அப்படியே தலைகீழாகத் தரைக்குள் இறக்கினால் கலசம் எங்கே போய் முட்டுமோ, கிட்டத்தட்ட அந்த இடத்தில் நியூயார்க்கில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 191ஆம் தெரு நிலையம். தெருவிலிருந்து 173 அடி கீழே. அந்த ஊரின் சுரங்க ரயில் நிலையங்களிலேயே மிக ஆழமானது இதுதான்.

என் தம்பி குடும்பம் கொஞ்ச காலம் அந்தப் பகுதியில் குடியிருந்தது. தம்பி மனைவியின் பேறுகாலத்துக்குத் துணையாகப் போய் ஒரு குளிர்காலம் முழுக்க நான் அங்கே இருந்தேன். ஊர் திரும்பியதும் எல்லோரும் பனியைப் பற்றிக் கேட்டார்கள், சுதந்திர தேவி சிலையைப் பற்றிக் கேட்டார்கள், வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்டார்கள். இந்த நிலையத்தைப் பற்றிக் கேட்டவர் என் பெரியப்பா ஒருவர்தான். பேச்சுவாக்கில் நான் சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அதற்கப்புறம் பார்க்கும்போதெல்லாம் அதிலேயே வந்து நிற்பார். மேலூர்ப் பக்கத்துக்காரர். உடம்பில் தெம்பு இருந்த வரைக்கும் கிணறு வெட்டியவர். பூமிக்குள் இறங்கிப் பிழைப்பு நடத்தியவர் கேட்கிற கேள்விகள் வேறு மாதிரி இருக்கின்றன. என்ன கல்? தண்ணீர் எங்கே போகிறது? வெட்டின கல்லை எங்கே கொட்டினான்? ஆளை எப்படி மேலே ஏற்றினான்? சிலவற்றுக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மற்றதற்குத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அந்த நிலையத்தின் மேல் எனக்கும் பிடிப்பு கூடிவிட்டது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் என்றாலே நமக்கெல்லாம் வானுயரக் கட்டடங்களும் கோடு போட்ட மாதிரி நேரான தெருக்களும்தான் நினைவுக்கு வரும். அது மன்ஹாட்டன் தீவின் தெற்கும் நடுவும். வடக்கே போகப் போகத் தரை எழும்பிவிடும். வாஷிங்டன் ஹைட்ஸ் என்கிற அந்தப் பகுதியில் வடக்கு தெற்காக இரண்டு மலைமுதுகுகள். நடுவே பள்ளத்தில் பிராட்வே சாலை. தீவிலேயே உயரமான இயற்கை மேடு அங்கேதான், பென்னட் பூங்காவுக்குள், கடல் மட்டத்திலிருந்து 265 அடியில் இருக்கிறது. சில தெருக்கள் மேட்டைப் பார்த்ததும் அப்படியே படிக்கட்டாக மாறிவிடும். 187ஆம் தெருவில் ஒரு இடத்தில் வண்டிப் பாதை நின்றுபோய், கைப்பிடிக் கம்பியோடு நீளமான படிகள்தான் தெருவே. காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறும் பாட்டிகள் நடுவில் நின்று மூச்சு வாங்குவார்கள். பெரும்பாலும் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த குடும்பங்கள். கடை வாசலில் பச்சை வாழைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் குவித்து வைத்திருப்பார்கள். எனக்கு அந்த ஊரில் முதலில் பழகியது அந்தக் கடைகள்தான்.

நிலையம் ஏன் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்குக் காரணம் மேலே இருக்கிற மலைதான். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. தெற்கேயிருந்து வந்த பாதை மலையைக் கண்டதும் ஏறவில்லை, ஏறக்குறைய தன் மட்டத்திலேயே பாறைக்குள் நுழைந்துவிட்டது. நான் அதை வண்டியில் போகையில்தான் உணர்ந்தேன். 191ஆம் தெருவில் ஏறி வடக்கே போனால் அடுத்த நிலையம் டைக்மேன் தெரு. ஊரின் ஆழமான நிலையத்திலிருந்து கிளம்பிய வண்டி, முக்கி முனகி மேலே ஏறுகிற சத்தம் எதுவும் இல்லாமல், மலையின் வடக்குப் பக்கத்தில் வெளியே வந்துவிடுகிறது. ஜன்னலில் பகல் வெளிச்சம். எட்டிப் பார்த்தால் தெரு நமக்குக் கீழே கிடக்கிறது! இருளிலிருந்து நேரே மேம்பாலத்துக்கு. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, மதுரைக்குப் பக்கத்தில், ஒத்தக்கடையில் நிற்கிற ஆனைமலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, “நரசிங்கத்துலருந்து அந்தப் பக்கம் போகணும்னா மலை மேல ஏறியா போவோம்?” என்றார். அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

“சரித்தா, அது என்ன கல்லு?”

மன்ஹாட்டன் ஷிஸ்ட் என்று சொல்லும் உருமாறிய பாறை. பூங்காக்களில் தரையைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியும். வெயில் பட்டால் மினுமினுக்கும், உள்ளே காக்காப்பொன் அவ்வளவு இருக்கிறது. கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். கல்லில் ஏடு ஏடாக ஓடுகிற வரிகளைத்தான் அவர் விரல் தொட்டது. எங்கள் பக்கத்துக் கல் வேறு. மேலூர், கீழவளவு வட்டாரத்துக் கல்லை அறுத்துப் பாளம் பாளமாக வெளிநாட்டுக்கு அனுப்பினார்களே, அந்த இறுகின கல். ஆனைமலையின் ஒரே கல்லில் 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் குடைந்த நரசிங்கப் பெருமாள் குடைவரை இன்னும் ஒரு கீறல் விடாமல் நிற்கிறது என்றால் கல்லின் குணம் அப்படி. “ஏடு ஏடா இருக்கிற கல்ல நம்பப்படாது தாயி,” என்றார் பெரியப்பா. “வெட்ட லேசா இருக்கும். ஆனா எந்த ஏடு எப்ப விடும்னு அதுக்கே தெரியாது.”

அவர் இதைச் சொன்ன அன்று எனக்கு 1903இல் நடந்தது தெரியாது. பிறகு படித்தபோதுதான் அவர் சொன்னது உறைத்தது.

அந்த மலைக்கு அடியில் போகிற சுரங்கத்துக்கு ஃபோர்ட் ஜார்ஜ் சுரங்கம் என்று பெயர். 158ஆம் தெருப் பக்கத்திலிருந்து மலையின் வடக்குச் சரிவு வரை சுமார் இரண்டு மைல். பாறையைக் குடைந்து இரட்டைத் தண்டவாளம் போட்ட சுரங்கங்களில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹூசாக் சுரங்கத்துக்கு அடுத்தபடி அந்த நாட்டிலேயே நீளமானது அப்போது இதுதான். மேலிருந்து திறந்து வெட்டி மூடுகிற முறை இங்கே ஆகாது, அவ்வளவு ஆழம். அதனால் 168ஆம் தெருவிலும் 181ஆம் தெருவிலும் நேர்கீழாக இரண்டு குழி வெட்டி, அடியை எட்டியதும் அங்கேயிருந்து வடக்கிலும் தெற்கிலும் பக்கவாட்டில் குடைந்துகொண்டு போனார்கள். பெரியப்பாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. அவரும் அதைத்தானே செய்தார். கிணற்றை வெட்டி ஊற்று போதவில்லை என்றால் அடியிலிருந்து பக்கவாட்டில் துளை போடுவது இங்கே எல்லோரும் செய்வது. வேலை முடிந்ததும் அந்த இரண்டு குழிகளையும் மூடவில்லை, லிஃப்ட் போக வைத்துக்கொண்டார்கள் என்றேன். “வெட்டின கிணத்த வீணாக்கல பாத்தியா,” என்றார், ஏதோ அவரே ஆளை அனுப்பிச் செய்வித்த மாதிரி.

இங்கே கொஞ்சம் கிணறு வெட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர்வெல் வண்டி வந்த பிறகு பிறந்தவர்கள் பலருக்கு இது தெரியாது. மேல்மண் சீக்கிரம் போய்விடும். அப்புறம் சுக்காம்பாறை. அதற்கும் கீழே கரும்பாறை வந்ததும் கடப்பாரைக்கு வேலை இல்லை, வெடிதான். பாறையில் தமர் போடுவார்கள், அதாவது வெடி வைக்கத் துளை. பெரியப்பாவின் இளவயதில் ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பது. பின்னால் கம்ப்ரசர் வந்தது. தமருக்குள் தோட்டாவை இறக்கி, மேலே மண்ணைக் கெட்டித்து, எல்லோரும் ஏறிய பிறகு கொளுத்துவார்கள். கொளுத்தினால் சத்தத்தை எண்ண வேண்டும். எத்தனை தமரோ அத்தனை சத்தம் கேட்டாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. சத்தம் சரியாக இருந்தாலும் புகை அடங்கக் காத்திருக்க வேண்டும். கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்துவிட்டால் உள்ளே காற்று சரியில்லை என்று அர்த்தம். அப்புறம் முதலில் ஒரே ஒருவர்தான் இறங்குவார், அது பெரும்பாலும் பெரியப்பா. அவர் செய்யும் முதல் வேலை, சுற்றுச் சுவரைக் கடப்பாரையால் தட்டிக்கொண்டே ஒரு வட்டம் வருவது.

அதை எனக்குச் செய்து காட்டினார். எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில், பாதி புதைந்து கிடந்த ஒரு பெரிய பாறையில் கடப்பாரையின் மொட்டை முனையால் தட்டினார். கணீர் என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம், கைப்பிடி வரைக்கும் அதிர்ந்தது. பக்கத்தில் இரண்டு முழம் தள்ளி இன்னொரு தட்டு. பொத்தென்று அடங்கிவிட்டது. கண்ணுக்கு இரண்டு இடமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இரண்டாவது இடத்தில் கடப்பாரையின் கூர்முனையை ஒரு மயிரிழை விரிசலில் கொடுத்து நெம்பினார். தட்டு அளவு கல் பெயர்ந்து வந்தது. அதன் அடியில் ஈரமும் எறும்புகளும். “சத்தம் செத்துப்போச்சுன்னா கல்லு பிரிஞ்சிருச்சுன்னு அர்த்தம். அத மொதல்ல தள்ளிவிட்டுத்தான் அடுத்த ஆள எறக்கணும்.”

1903 அக்டோபர் 24. ஃபோர்ட் ஜார்ஜ் சுரங்கத்தில் இரவு வேலை. வெடி வைத்து முடித்து, ஆட்கள் மறுபடி உள்ளே போயிருக்கிறார்கள். கூரைப் பாறையிலிருந்து சுமார் 300 டன் எடையுள்ள ஒரு பாளம் பிரிந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

நான் இதைப் படித்துச் சொன்னபோது பெரியப்பா கேட்டது ஒன்றுதான். “தட்டிப் பாத்தாங்களா?”

பார்த்திருப்பார்கள் பெரியப்பா, அனுபவசாலிகள் இருந்திருப்பார்கள், 300 டன் கல்லுக்குத் தட்டினால் தெரியுமா என்றெல்லாம் ஏதோ சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. தெரியவே தெரியாத ஊரில், நூறு வருஷத்துக்கும் முன்னால் செத்துப்போன பத்துப் பேருக்காக ஒரு மனிதர் கோபப்பட்டதை அன்று பார்த்தேன். அந்தக் கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன். எந்தச் சுரங்கத்தையும் ‘பொறியியல் அதிசயம்’ என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். முல்லைப் பெரியாறு அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1895இல் முடிந்த அந்த அணையின் தண்ணீர் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி நம் பக்கம் வருவது சுமார் 5,700 அடி நீளச் சுரங்கத்தின் வழியாக. மலையைக் குடைந்து வந்த அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, கால்வாயில் மேலூர் வரை வருவதால்தான் எங்கள் பக்கம் நெல் விளைகிறது. பென்னிகுயிக் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறோம், வைக்கத்தான் வேண்டும். அந்தக் காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் விபத்திலும் செத்த கூலியாட்கள் நூற்றுக்கணக்கானவர்கள். அவர்களில் ஒருவர் பெயரையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிகிறதா?

191ஆம் தெரு நிலையத்தின் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. சுரங்கம் முடிந்து 1906 மார்ச்சில் வண்டிகள் டைக்மேன் தெரு தாண்டிப் போகத் தொடங்கியபோது இந்த நிலையமே கிடையாது. வண்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மலை உச்சியில் அப்போது குடியிருப்பு குறைவு, ஒரு கேளிக்கைப் பூங்காதான் பேர்போனது. 1911 ஜனவரி 14இல்தான் நிலையம் திறந்தார்கள். சுற்றிலும் இன்று நிற்கிற ஐந்தாறு மாடி வீடுகளெல்லாம் ரயிலை நம்பி வந்தவைதான்.

தண்ணீர்க் கேள்விக்கு வருகிறேன். பெரியப்பாவுக்கு நம்பவே முடியாத விஷயம் இது. நியூயார்க் சுரங்க ரயிலில், மழையே பெய்யாத நாளில்கூட, ஒரு நாளைக்கு 1.3 கோடி கேலன் தண்ணீரைப் பம்பு போட்டு வெளியே இறைக்கிறார்கள். ஏறக்குறைய 5 கோடி லிட்டர். பாறை இடுக்கிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஊறி வருவது. “அம்புட்டுத் தண்ணியையுமா வெளிய ஊத்துறான்?” என்று எழுந்தே நின்றுவிட்டார். கிணறு வெட்டுகிறவருக்குப் பாறையில் ஈரம் தெரிந்தால் அது திருநாள். ஊற்றுக்கண் திறந்த அன்று தண்ணீருக்கு மஞ்சளும் பூவும் விட்டுக் கும்பிட்டு, தோட்டக்காரர் வேட்டி துண்டு வாங்கிக் கொடுப்பார். சுரங்கம் வெட்டுகிறவனுக்கோ அதே ஈரம் தலைவலி, பத்து தலைமுறைக்கும் மோட்டார் ஓட்டியே ஆக வேண்டும். ஒரே பாறைக்குள் ஒரே ஆழத்துக்கு இறங்குகிற இரண்டு பேர் ஒருவர் கேட்டதை இன்னொருவர் வேண்டாம் என்கிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைமடைக்குக் கால்வாய்த் தண்ணீர் வராத வருஷங்களில் எண்பது அடி வெட்டியும் ஈரம் காணாமல் ஏறி வந்த நாட்கள் அவருக்கு உண்டு. அந்தச் சிரிப்பில் அதுவும் இருந்தது.

வெட்டின கல் எங்கே போனது என்பதற்கும் நல்ல பதில் கிடைத்தது. ஹார்லெம் பக்கம் சிட்டி காலேஜ் என்றொரு கல்லூரி. அதன் பழைய கட்டடங்கள் கோட்டை மாதிரி, கருஞ்சாம்பல் நிறக் கல்லில் எழும்பி நிற்கும். அந்தக் கல் சுரங்க ரயில் பாதைக்காக வெட்டி எடுத்தது. கப்பலில் வந்த குடியேறிகள் இறங்கிப் பதிவு செய்த எல்லிஸ் தீவைக் கடலில் கொட்டிப் பெரிதாக்கிய மண்ணிலும் சுரங்க ரயில் வேலையில் எடுத்தது கலந்திருக்கிறது. அந்தத் தீவில் இறங்கி வந்த இத்தாலியர்கள் வெட்டிய மண், பின்னால் வந்தவர்கள் கால் வைக்கிற தரையானது. பெரியப்பா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் வெட்டிய கிணறுகளின் கல் எல்லாம் அந்தந்தத் தோட்டத்து வரப்பிலும் வீட்டு அஸ்திவாரத்திலும் கிடக்கிறது, அது அவருக்குத் தெரிந்த சங்கதிதான்.

கடைசிக் கேள்விதான் பெரிது. ஆளை எப்படி மேலே ஏற்றுகிறான்?

191ஆம் தெரு நிலையத்துக்கு இரண்டு வழி. ஒன்று மலை உச்சியில், செயின்ட் நிக்கலஸ் அவென்யூவில். அங்கே எஸ்கலேட்டர் கிடையாது. நான்கு பெரிய லிஃப்ட்கள்தான். இன்னொன்று மேற்கே பள்ளத்தில், பிராட்வேயில். அங்கேயிருந்து மலைக்குள் சுமார் 900 அடி நீளத்துக்கு ஒரு நடைச் சுரங்கம். கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாமோ என்று தோன்றுகிற ஒடுக்கம். தரை ஈரமாகவே இருக்கும், குழல்விளக்கு வரிசை கண்ணுக்கு எட்டின தூரம் போகும். இதில் பாருங்கள், கணக்குப்படி அது ரயில் நிலையத்தின் பகுதி இல்லை. நகரத்தின் தெரு அது. ‘டனல் ஸ்ட்ரீட்’. ரயில் நிர்வாகம் பார்ப்பதில்லை, சாலைகளைப் பார்க்கிற நகரத் துறைதான் அதையும் பார்க்க வேண்டும். 2015இல் ஓவியர்கள் சிலரை அழைத்துச் சுவர் முழுக்க வரையச் செய்தார்கள். அதன் மேல் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் பெயரையும் காதலையும் இறந்துபோன நண்பர்களின் பெயரையும் எழுதினார்கள். 2023 தொடக்கத்தில் ஒருநாள் எல்லாவற்றின் மேலும் வெள்ளை அடித்துவிட்டார்கள். அந்தப் பகுதியில் பெரிய வருத்தம். சுத்தம் வேண்டும்தான், ஆனால் அடிப்பதற்கு முன்னால் அங்கே தினமும் நடக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

லிஃப்ட்தான் அந்த மலையின் உயிர். ரயில் சீட்டு எடுத்து நுழைகிற வாயிலுக்கு வெளியிலேயே லிஃப்ட் இருப்பதால், ரயிலில் போகாதவர்களும் காசு கொடுக்காமல் அதில் ஏறி இறங்கலாம். பிராட்வே கடைகளில் சாமான் வாங்கிய ஆச்சிகள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு நடைச் சுரங்கம் வழியாக வந்து, லிஃப்ட்டில் ஏறி, மலை உச்சியில் தங்கள் வீட்டு வாசலில் இறங்குவார்கள். அவர்களுக்கு ரயில் ஒரு பக்கம் இருக்கட்டும், மலை ஏற லிஃப்ட் வேண்டும். பிறந்து சில வாரங்களான தம்பி மகளைக் கம்பளியில் சுற்றி அணைத்துக்கொண்டு, மருத்துவரைப் பார்க்க நானும் அதில்தான் போய் வருவேன்.

உள்ளே ஒரு ஆள் இருப்பார். பொத்தானை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம், லிஃப்ட் தானியங்கியாகி ரொம்பக் காலமாயிற்று. இருந்தாலும் ஆள் இருந்தார். நான் பார்த்த காலத்தில் அந்த வட்டாரத்து ஐந்து ஆழ நிலையங்களில் மட்டும் இந்த வழக்கம் மிஞ்சியிருந்தது. ஒரு மடக்கு நாற்காலி, காலடியில் சின்ன ஹீட்டர், தாழ்ந்த குரலில் ரேடியோ. சுரங்கத்தின் கோடியில் யாராவது ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் கதவைப் பிடித்து நிறுத்துவார். இரவு பத்து மணிக்கு மேல் தனியாக வருகிற பெண்ணுக்கு அந்த நாற்காலியில் ஒருவர் இருப்பது எவ்வளவு தைரியம் என்று ஆண்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது, பெண்களுக்குத் தேவையில்லை. 2018இல் இந்த ஆட்களை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது அந்தப் பகுதி மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள், பேச்சு அடங்கியது. அவர்கள் சொன்னதும் இதைத்தான். தரையிலிருந்து அவ்வளவு கீழே, பூட்டிய பெட்டிக்குள், முன்பின் தெரியாதவரோடு தனியாக ஏறச் சொல்லாதீர்கள். லிஃப்ட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 168ஆம் தெருவில் பழைய லிஃப்ட்களை மாற்றுவதற்காக 2019 ஜனவரியிலிருந்து ஒரு வருஷம் அந்த வழித்தட நடைமேடைகளையே மூடிவிட்டார்கள். லிஃப்ட் இல்லை என்றால் நிலையம் இல்லை, அவ்வளவுதான்.

பெரியப்பா அந்த லிஃப்ட்காரரைப் பற்றிக் கேட்டதற்கு அளவே இல்லை. சம்பளம் உண்டா, வெற்றிலை பாக்கு போடுவாரா, அவர் லீவு போட்டால் யார் வருவார்கள். அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவர் கிணற்றுக்குள் இருந்த காலமெல்லாம் மேலே நின்றது பெரியம்மா. கயிறு சரியாக ஓடுகிறதா, கல் ஏற்றிய வாளி சுவரில் இடிக்காமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, இறங்கிய ஆட்களின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டு, ஏற ஏறக் கழித்துக்கொண்டு நிற்பார். “எறங்குறது ஒரு பெரிய காரியமா, ஆத்தா? கால விட்டா எறங்கிரலாம். மேல யாரு நிக்கிறாங்கன்னு பாத்துத்தான் நான் எறங்குவேன்.”

ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது அவரை சென்ட்ரல் மெட்ரோவுக்குக் கூட்டிப்போனேன். எஸ்கலேட்டரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ரயில் வந்தது, நின்றது, போனது, அவர் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துச் சூடா குளிரா என்று பார்த்தார். நடைமேடைக் கண்ணாடிக் கதவுகளுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற சாக்கடை தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். காவலுக்கு நின்ற தம்பியிடம், “தண்ணி எங்கப்பா போகுது?” என்றார். “அதுக்கெல்லாம் மோட்டார் இருக்கு பெரியவரே,” என்றான் அவன் சிரித்துக்கொண்டே. பெரியப்பா என்னைத் திருப்தியாகப் பார்த்தார். நான் சொன்னது உண்மைதான் என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார்.

உலகத்தில் இதைவிட ஆழமான நிலையங்கள் எத்தனையோ. உக்ரைனில் கீவ் நகரத்து அர்செனால்னா, டினீப்பர் ஆற்றின் உயர்ந்த கரைக்குக் கீழே 105 மீட்டர், 1960இல் திறந்தது. மலை நகரமான சீனத்துச் சோங்சிங்கில் அதையும் தாண்டிவிட்டார்கள். லண்டன் ஹாம்ப்ஸ்டெட் 1907இலிருந்து இருக்கிறது, சுற்றுப்படியில் ஏறினால் 320 படி. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1998இல் திறந்த வாஷிங்டன் பார்க் நிலையம் 260 அடி ஆழம். அங்கே பாறையைத் துளைத்து எடுத்த நீளத் தண்டை நடைமேடைச் சுவரிலேயே பதித்து, எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியப்பா பார்க்க ஆசைப்படுவது அது ஒன்றைத்தான். நம் நாட்டில் கொல்கத்தா ஹவுரா மெட்ரோ நிலையம் 191ஆம் தெரு அளவுக்கு இல்லை என்றாலும் 30 மீட்டருக்கும் மேல் ஆழம். 2024 மார்ச்சிலிருந்து அங்கே ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் வண்டி ஓடுகிறது. இவற்றில் ஆற்றங்கரையில் இருக்கிற ஹவுராவைத் தவிர மற்றதெல்லாம் மேலே மேடு இருப்பதால் ஆழமானவை.

மதுரைக்கு வருகிறேன். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர் மெட்ரோ என்று திட்டம். பெரும்பகுதி மேலே தூண்களில், ரயில் நிலையம், கோயில் வட்டாரத்தில் மட்டும் தரைக்கு அடியில். 2025 நவம்பரில் மக்கள்தொகை போதாது என்று மத்திய அரசு அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. கோவைக்கும் அதே பதில். மதுரைக்கு மெட்ரோ வேண்டும் என்பது என் கட்சி. மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையத்துக்குச் சித்திரைத் திருவிழா சமயத்தில் பஸ்ஸில் போனவர்கள் யாரும் இதில் மாற்றுக் கருத்து சொல்ல மாட்டார்கள். ஒத்தக்கடை முனை ஆனைமலையின் அடிவாரத்தில்தான் வரும். மலையைத் தொட மாட்டார்களே என்று பெரியப்பா கேட்டார். அங்கே பாதை தூண் மேல்தான் வருகிறது, மலைக்கு வேலை இல்லை என்றேன்.

கோயிலைச் சுற்றி நம் வீதிகள் சமதளம். 173 அடியெல்லாம் இங்கே தேவைப்படாது. ஆனால் மாசி வீதிகளில் நடக்கிறவர்களைப் பாருங்கள். வெளியூரிலிருந்து மீனாட்சியைப் பார்க்க வருகிற முழங்கால் வலிக்காரர்கள், இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக வருகிறவர்கள், பூக்கூடைக்காரிகள், ஜவுளி மூட்டை தூக்குகிறவர்கள். அவர்களுக்கு நாற்பது படியும் மலைதான். திட்டம் மறுபடி உயிர் பெறுகிறபோது எல்லோரும் சுரங்கத்தின் நீளத்தையும் செலவையும் பேசுவார்கள். ஒரு நிலத்தடி நிலையத்துக்கு எத்தனை லிஃப்ட், ஒன்று பழுதானால் மாற்று உண்டா, எந்த வீதியின் எந்த முனையில் அது வெளியே வரும், ரயிலில் போகாதவர்கள் வீதியைக் கடக்க அதைப் பயன்படுத்தலாமா, ராத்திரியில் உள்ளே ஒரு ஆள் இருப்பாரா என்று நான் கேட்பேன். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடந்தால் எழுதியே கொடுப்பேன். அதில் பெரியப்பா இன்னொன்றைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்: வேலை நடக்கிற நாட்களில், உள்ளே இறங்குகிற ஒவ்வொரு ஆளின் பெயரும் வெளியே வேலிப் பலகையில், தெருவில் போகிறவர் படிக்கும்படி, தமிழிலும் அந்த ஆளின் சொந்த மொழியிலும் எழுதியிருக்க வேண்டும்.